சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு ஜெர்மன் சங்கீதம்

ஒரே சமயத்தில் நான்கு அந்நிய மொழிகளை ஆசிரியர் இல்லாமல் படித்தது எப்படி என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது ஓர் உத்தி. காலையில் எத்தனை சொல், மாலையில் எத்தனை சொல், எந்த மொழியை முதலில் தொடங்குவது என்று குறித்துக்கொண்டு போகத் தயாராக வருவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே உத்தி கோபம். அதைச் சொன்னால் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "சரி மேடம், அதுக்கப்புறம்?" என்பார்கள். அதற்கப்புறமும் கோபம்தான். அதை வைத்துத்தான் தொண்ணூறுகளில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு எந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைத்தேன். உத்தி கேட்டு வந்த யாரும் ஒரு மொழியையும் படித்து முடித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

எண்பதுகளின் நடுவில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் அது. அம்பத்தூரில் எஸ்டேட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே ஒரு காலனியில் எங்கள் வீடு. அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் கம்பெனியில் போர்மேன். அளவெடுப்பதில் மன்னர். அன்றைக்கு முன்னறைச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த இரும்பு டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று, "அப்பா, நான் காலேஜுக்குப் போகணும். பி.ஏ. படிக்கணும்" என்றேன்.

"அந்த முனையப் புடி" என்றார்.

நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுகோடிக்குப் போய் அளவைப் பார்த்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டு, விடு என்று கையைக் காட்டினார். டேப் சரசரவென்று உள்ளே போனது. அவரும் வெளியே போனார்.

சில நாளில் சோபா வந்தது. காப்பி நிற ரெக்சின், மூன்று பேர் உட்காரும் நீளம், அதோடு ஜோடியாக இரண்டு ஒற்றை நாற்காலிகள். மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை யாரும் கழற்றவில்லை. என் படிப்புக்கென்று அம்மா போட்டிருந்த சீட்டை எடுத்து வாங்கியது அது. அம்மாவிடம் கேட்டபோது, "பொண்ணு டிகிரி படிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளையா தேடணுமாம். அப்படிப்பட்டவன் நம்ம ஊட்டுக்கு வருவானான்னு கேக்குறாரு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதில் மட்டும் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அப்பாகூடத் தரையில் பாய் போட்டுத்தான் பேப்பர் படிப்பார்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகலாம் என்று அனுமதி கிடைத்தது. அது பெண்ணுக்கு அடக்கமான படிப்பாம். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும் வழியில் பழைய பேப்பர்க் கடை ஒன்று இருந்தது. அங்கே எடைக்கு வந்த குப்பையில் அட்டை கிழிந்த ஜெர்மன் பாடப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எஸ்டேட்டில் எந்த வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனதோ. ருஷ்யப் புத்தகங்கள் வண்டியில் வந்து மலிவாகக் கிடைத்த காலம் அது. அதிலும் ஒன்று. வீட்டிலிருந்த பழைய ரேடியோவில் சிற்றலையைத் திருப்பினால் அயல்நாட்டு நிலையங்கள் மொழிப் பாடம் நடத்தும். ஒரு கடிதம் போட்டால் பாடப் புத்தகத்தையே இலவசமாக அனுப்பிவைப்பார்கள். பிரெஞ்சும் ஜப்பானியமும் எனக்கு அப்படித் தபாலில் வந்தவை. எங்கள் தபால்காரர் அந்த உறைகளின் தபால்தலைகளைத் தன் மகனுக்காக வாங்கிக்கொண்டு, "இன்னாமா, ஜப்பான்ல உங்காளுங்க யாருனா கீறாங்களா?" என்பார். யாருமில்லை என்றால் நம்பமாட்டார். யாருமில்லாத ஊருக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்பது அவர் கட்சி.

ஏன் நான்கு, ஒன்று போதாதா என்று கேட்பார்கள். ஒரு மொழியைப் படித்தால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவார்கள். நான்கைப் படித்தால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். எங்கள் காலனி பைத்தியம் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

நான்கும் ஒன்றோடொன்று கலந்து குழம்பாதிருக்க ஆளுக்கொரு இடம் ஒதுக்கினேன். அடுப்பங்கரையில் ஜெர்மன். சோறு கொதிக்கும்போது வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்வேன். வடிக்கும்போது நிறுத்திவிடுவேன், கை சுட்டுக்கொள்ளாமல் இருக்க. அடிபம்பு வரிசையில் ஜப்பானியம். குடத்தை நகர்த்தி நகர்த்தி எண்களைப் படித்தேன். பஸ்ஸிலும் டைப்ரைட்டிங் வகுப்பிலும் ருஷ்யம். சர்ச்சில், எங்கள் சபையின் பிரசங்க நேரம் முழுவதும், பிரெஞ்சு. தலையில் முக்காடு, குனிந்த முகம், முணுமுணுக்கும் உதடு. என்னைப்போல் பக்தியுள்ள பெண்ணைப் பார்த்ததில்லை என்று போதகர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மளிகை டப்பாக்களின்மேல் ஜெர்மனில் சீட்டு எழுதி ஒட்டினேன். அம்மா அதைக் கிழிக்கவில்லை. துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் ஜெர்மானியன் என்ன பெயர் வைத்திருக்கப்போகிறான். இரண்டுக்கும் மஞ்சள் பருப்பு, பெரிய மஞ்சள் பருப்பு என்று நானே வைத்தேன்.

எனக்கிருந்த ஒரே குறை, பதில் சொல்ல ஆள் இல்லை. ரேடியோ பேசும், கேட்காது. புத்தகத்தில் ஓர் ஆள் வணக்கம் சொல்வான், அடுத்த வரியில் வேறொருவன் அவனுக்கே பதில் சொல்லிவிடுவான். நான்கு மொழியில் நலமா என்று கேட்கத் தெரிந்தும், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நான் நலம் என்று அவற்றில் ஒன்றில் திருப்பிச் சொல்ல ஒரு நாதி இல்லை. அதை நினைத்து அழுதிருக்கிறேன். மற்றபடி அந்தப் புத்தகங்கள்தான் எனக்கென்று இருந்தவை. கல்யாணம் முடிந்த மறுநாள் அவற்றையெல்லாம் வந்த இடத்துக்கே, பழைய பேப்பர்க் கடைக்கே, அனுப்பப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்வார்.

கல்யாணம் பேசி முடிப்பதற்கென்றே எங்கள் சபையில் ஓர் அத்தை இருந்தார். யாருக்கும் சொந்த அத்தை இல்லை, அதனால் எல்லோருக்கும் அத்தை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் முதலில் ஜெபம், பிறகு காப்பி, பிறகு பெண் ஒரு கீர்த்தனை பாட வேண்டும். என் குரல் கேட்டு முதலில் வந்த குடும்பம் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தது. அப்போதுதான் அத்தைக்கு யோசனை வந்தது. "பாட்டு வேணாம். அது ஏதோ பாஷையெல்லாம் படிக்குதே, அதுல வேதத்துலருந்து ஒரு சங்கீதம் சொல்லட்டும். வெளிநாட்டு பாஷையில வேதம் சொல்ற பொண்ணு எத்தினி ஊட்ல கீது?" என்றார். அதுவரை பைத்தியம் என்றிருந்தது அன்று சாயங்காலமே ஒரு தகுதியாகிவிட்டது. அப்பா உடனே ஒத்துக்கொண்டார். சோபாவுக்குப் பக்கத்தில் என்னையும் அளந்து நிறுத்திவைக்க அவருக்கு ஓர் இடம் கிடைத்தது.

முதலில் நேர்மையாகத்தான் சொன்னேன். ஒரு பிரெஞ்சு சங்கீதத்தை மனப்பாடம் செய்து, கண்ணை மூடி ஒப்பித்தேன். வந்தவர்களும் கண்ணை மூடித் தலைகுனிந்து கேட்டார்கள். வேதவசனம் என்று சொன்னால் எங்கள் ஆட்களின் தலை தானாகக் குனிந்துவிடும், எந்த மொழி என்றாலும். இன்னொரு குடும்பம் வந்தபோது நடுவில் வரி மறந்துவிட்டது. நின்றால் மானம் போகும். அதே ராகத்தில், ரயில் நிலையம் எங்கே இருக்கிறது, என் மாமாவின் குடை நாற்காலியின் கீழ் இருக்கிறது, மழை பெய்யாது என்று நம்புகிறேன் என்று பாடப் புத்தக வாக்கியங்களைச் சேர்த்து முடித்தேன். மொத்தக் குடும்பமும் "ஆமென்" என்றது. அந்த வீட்டுப் பெரியவர் மனைவியின் முந்தானையை வாங்கிக் கண்ணைத் துடைக்காத குறை.

அதற்குப் பிறகு நான் சங்கீதம் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. வந்தவர்களைப் பற்றி மனதில் பட்டதை அப்படியே சொல்லத் தொடங்கினேன். சென்னீர்குப்பத்திலிருந்து வந்த பையன் என் முகத்தைவிட எங்கள் ஃபேனை அதிக நேரம் பார்த்தான் என்று ருஷ்யத்தில் சொன்னேன். ஆமென். திருமழிசையிலிருந்து வந்த சித்தப்பா பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்ததை ஜப்பானியத்தில் சொன்னேன். ஆமென். பெண் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்கள்கூட உண்டு. ஜாதகம் பார்க்காத குடும்பங்களில் எதையாவது காரணம் காட்டத்தானே வேண்டும், ஏதோ ஒன்றில் எல்லாமே தட்டிப்போனது. எனக்குப் பரம திருப்தி. ஊரில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆவடியிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அப்பா இல்லாத குடும்பம். எந்திரங்களைப் பழுது பார்க்கிற ஒரு கம்பெனியில் மகனுக்கு நல்ல வேலை என்று மட்டும் அத்தை சொல்லியிருந்தார். அந்தம்மாள் வந்ததும் வராததுமாக அடுப்பங்கரைக்குள் நுழைந்து, டப்பாக்களைத் திறந்து, மோந்தும் பார்த்தார். சீட்டில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். "வசனங்க" என்றார் அத்தை. அந்தம்மாள் பருப்பு டப்பாவை மரியாதையாக மூடி வைத்தார்.

ஜெபம் முடிந்தது. நான் எழுந்து நின்றேன். எல்லோர் தலையும் குனிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனில் சொன்னேன். இவர்கள் உட்கார்ந்திருப்பது சோபா அல்ல, என் கல்லூரி. அதன்மேல் உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறார்கள். என் அப்பா உலகத்தில் எல்லாவற்றையும் அளப்பார், என்னை மட்டும் அளந்து பார்த்ததில்லை. இந்த அம்மாள் எங்கள் பருப்பை மோந்து பார்த்தார், என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இவர் மகன் இதுவரை வாய் திறந்தது கேசரிக்கு மட்டும். இவர்கள் வீட்டுக்கு நான் போனால் என் புத்தகங்கள் பழைய பேப்பர்க் கடைக்குப் போகும், அதற்கு நான் கடைக்காரனையே கட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கடைசியாக ஓர் ஆமென் தனியாக வந்தது, ரேடியோவில் ஜெர்மானியர்கள் சொல்கிற மாதிரி. கண்ணைத் திறந்தேன். மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பையனும் பெண்ணும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அந்த நாளில் அது பெரிய முற்போக்கு. தண்ணீர்த் தொட்டியருகே நின்று அவன் ஜெர்மனில் சொன்னான், சோபா வசதியாகத்தான் இருக்கிறது, உங்கள் கல்லூரிக்கு என் நன்றி என்று. கம்பெனி அவனை ஒரு குளிர்காலம் முழுவதும் ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் சொன்னதற்கு ஒரு மனிதன் பதில் சொன்னான். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அங்கே பனி எப்படியிருக்கும், ரொட்டி எப்படியிருக்கும் என்று எதையெதையோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

"நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசறீங்க" என்றான் தமிழில். பிறகு, "புக்கையெல்லாம் கொண்டாந்துடுங்க. எவ்ளோ வேணா படிங்க. எங்கம்மாவாண்ட வேதப் புத்தகம்னு சொல்லிக்கலாம். நானும் அப்படித்தான், ஊட்ல எது புடிக்கலைன்னாலும் அவங்களுக்குப் புரியாத பாஷையில சொல்லிட்டு சிரிச்சிக்கினு போயிடுவேன். இனிமே நாம ரெண்டு பேரும் சொல்லிக்கலாம்" என்றான்.

புத்தகங்கள் பிழைத்துக்கொள்ளும். பேச ஆள் கிடைக்கும். இதைவிட நல்ல இடம் எனக்கு வராது என்று படியிறங்கும்போது கணக்குப் போட்டேன். முக்கால்வாசி சம்மதம் என்றே சொல்லலாம்.

கீழே அவன் அம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். "ஏம்பா, நீதான் ஜெர்மன் போயி வந்தவனாச்சே. பொண்ணு சொன்னது இன்னா சங்கீதம்?" என்று கேட்டார்.

"இருபத்திமூணும்மா. தப்பில்லாம சொன்னாங்க" என்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மனசுக்கு இதமா இருந்துச்சு. நம்ம ஊட்ல தெனமும் சாயங்கால ஜெபத்துல இதையே சொல்லட்டும்" என்றார் அந்தம்மாள். மகன் என்னைப் பார்த்து உதட்டோரம் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் என் மிச்ச வாழ்க்கை முழுவதையும் பார்த்தேன். தினமும் சாயங்காலம் முக்காடு போட்டு நான் நிற்பேன். அந்த அம்மாள் கண்ணை மூடி ஆமென் சொல்வார். நாங்கள் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு சிரிப்போம். ஜெர்மனியில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லை. இவனுக்கு மொழி என்பது போர்த்திக்கொள்ளக் கிடைத்த ஒரு போர்வை. எனக்கு அவன்மேல் வந்த ஏளனம் அவனோடு நிற்கவில்லை. சென்னீர்குப்பத்துக்கு ருஷ்யமும் திருமழிசைக்கு ஜப்பானியமும் சொன்ன நான் மட்டும் என்னவாம்.

"அது சங்கீதம் இல்லீங்க" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை. ஜெர்மனில் சொன்ன எல்லாவற்றையும் வரிசை மாறாமல் தமிழில் சொன்னேன். சோபா, கேசரி, பருப்பு டப்பா, பழைய பேப்பர்க் கடை. அப்பா எல்லாவற்றையும் அளப்பார் என்ற வரியை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அது தமிழில் இன்னும் நன்றாக இருந்தது. யாரும் ஆமென் சொல்லவில்லை.

அந்த அம்மாள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்கவில்லை, மகனைக் கேட்டார். "அப்ப நீ என்னாண்ட பொய் சொன்னியா? எத்தினி நாளா சொல்லிக்கினு கீறே?" டப்பாவை மோந்ததற்காக நான் இளக்காரமாக நினைத்த மனுஷிதான் அன்று அந்த அறையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். மகன் குனிந்து செருப்பைத் தேடினான். அத்தை, "கெடுத்தியேடி" என்று ஒரே வார்த்தையில் என் கதையை முடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் சும்மா இருக்கவில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை சபை சபையாகச் செய்தி போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்த அப்பா, பாயைத் தேடாமல், சோபாவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சத்தம் போட்டது. வாங்கிய நாளிலிருந்து அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அடிக்கப்போகிறார் என்று நினைத்து அம்மா என் முன்னால் வந்து நின்றார். அவர் அடிக்கவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"காலேஜுக்குப் போவணும்னு உனக்கு அவ்ளோ ஆசை இருந்திருந்தா, அப்பவே என்னாண்ட தமிழ்ல சொல்லியிருக்கலாமே."

"தமிழ்லதான் சொன்னேன். இந்தச் சுவராண்டதான் நின்னு சொன்னேன். அந்த முனையப் புடின்னு சொன்னீங்க."

அப்பா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். சோபாவின் நீளம் கேட்டிருந்தால் அங்குலம் தவறாமல் சொல்லியிருப்பார். இது அவருக்கு ஞாபகம் வரவில்லை.